வாஷிங் மெஷினுக்குக் கடன் கிடைத்த விதம்

ஆண்டவரில் அன்பானவர்களே, சரியாகக் காயாத சில மெத்தை விரிப்புகளால் என் பிழைப்பே போக இருந்தது. அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்லத்தான் இன்று நம் பங்கின் அன்பியச் செபக் கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது.

என் பெயர் பிலோமினா. காரைக்குடிக்கு வெளியே, எங்கள் வீட்டுக்குப் பின்புறம் சலவைக்கூடம் நடத்துகிறேன். கூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு போர்வெல், சிமெண்டுத் தொட்டிகள், துவைகல், ஒரு தகரக் கொட்டகை, அதற்கு அப்பால் கொடி கட்டிய வெட்டவெளி. அவ்வளவுதான். கண்டனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகள் கல்யாணத்துக்குத்தான் திறக்கும். விருந்தாளிகள் போன பிறகு விரிப்பும் தலையணை உறையும் மலையாகக் குவிந்து கிடக்கும். அது எங்களிடம் வரும். பிறகு சில வீடுகளை ஓட்டலாக மாற்றினார்கள். அந்தத் துணியும் வந்தது. ரஹ்மத் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் என்னோடு துவைத்தார்கள். என் வீட்டுக்காரர் சூசை சவுதியில் டிரைவராக இருந்து, தோள்பட்டை கெட்டுப்போய்த் திரும்பியவர். எங்கள் குட்டியானைச் சரக்கு வண்டியில் துணி ஏற்றி இறக்குவது அவர் வேலை.

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்கிய வாரம். எங்களுக்குப் பாதி வேலை கொடுக்கிற ஓட்டலின் உரிமையாளர் உமையாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிலோமினா, நேத்து வந்த பிரெஞ்சுக்காரக மெத்தையில படுத்த வேகத்துல எந்திரிச்சுட்டாக. படுக்கை ஈரமா இருக்குன்னு கையைக் காட்டுறாக. நான் என்னத்தைச் சொல்ல?"

"மாசிப் பனி ஆச்சி. வெயிலே ஏற மாட்டேங்குது."

"பனியப் பத்தி அவுகளுக்கு என்ன? மதுரையிலேருந்து ஒரு லாண்டரிக்காரக வந்து பேசிட்டுப் போயிருக்காக. எல்லாம் மெஷினாம். உன்னை விட எனக்கு மனசில்லை. வைகாசிக் கல்யாணத்துக்குள்ள நீயும் ஒரு பெரிய மெஷினைப் போட்டுரு. உனக்கே குடுக்கிறேன். இல்லேன்னா கோவிச்சுக்காதே."

வீட்டுக்கு வந்து சூசையிடம் சொன்னேன். அவர் தன் தோளைத் தடவிவிட்டுக்கொண்டார். பிறகு, "நான் வேணா மறுபடி சவுதிக்குப் போகட்டுமா?" என்று கேட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சட்டையை மாட்டவே ஒரு கையை மறு கையால் தூக்கிவிட வேண்டும். அவர் போய்ச் சம்பாதித்து அனுப்பி நான் மெஷின் வாங்குவதா? துவைகல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் வங்கிக்குப் போவது என்று முடிவு செய்தோம். நாட்டில் தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுக்கக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று அத்தனை போர்டு வைத்திருக்கிறார்களே!

முதல் வங்கியில் சூசையோடு கடன் பிரிவு அதிகாரியிடம் போய், "சார், வாஷிங் மெஷின் வாங்கக் கடன் வேணும்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "அதுக்கு ஏம்மா இங்க வந்தீங்க? கடையிலயே தவணைக்குக் குடுப்பாங்க. டாப் லோடு மட்டும் வாங்கிராதீங்க. எங்க வீட்டுல இருக்கு. சட்டையெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கிது."

நான் கேட்கிற மெஷின் ஆட்டோ அளவு இருக்கும் என்று விளக்கிச் சொன்னதும் முகம் மாறியது. அடமானத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். வீடும் மனையும் இருக்கிறது, பட்டா என் வீட்டுக்காரரின் தாத்தா சவரிமுத்து பெயரில் இருக்கிறது என்றேன்.

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவரு கோயில் தோட்டத்துல இருக்காருங்க."

"சரி. எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சு வருவார்?"

சூசைதான் பணிவாகப் பதில் சொன்னார்: "அந்தக் கல்லறையிலேருந்து கடைசித் தீர்ப்பு நாள்லதாங்க சார் எந்திரிப்பாரு."

பட்டாவை மாற்ற வேண்டுமானால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். ஒருவர் அஸ்ஸாமில் கன்னியாஸ்திரி. இன்னொருவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். ஆனால் ஒரு பலாமரத் தகராறில் எங்களோடு பேசுவதில்லை. மலேசியாவிலிருந்துகூடக் கையெழுத்து வந்துவிடும். பக்கத்துத் தெருவிலிருந்து வராது.

இரண்டாவது வங்கியில் என் பெயரைத் தட்டிப் பார்த்த இளைஞர், நோயாளியிடம் டாக்டர் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு ஸ்கோரே இல்லையேம்மா" என்றார்.

"என்ன ஸ்கோர் தம்பி?"

"கடன் வாங்கி ஒழுங்காத் திருப்பிக் கட்டினா வர்ற மார்க். நீங்க இதுவரைக்கும் ஒரு கடன்கூட வாங்கலை."

"ஆமா தம்பி. யாருகிட்டயும் கையேந்துனது இல்லை."

பாராட்டுவார் என்று நினைத்தேன். "அதான் பிரச்சினை. கடனே வாங்காத உங்களை நம்பி எப்படிக் கடன் குடுக்கிறது?" என்றார்.

பேருந்தில் திரும்பி வரும்போது சூசையிடம் சண்டை போட்டேன். "கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்துல ஒரு கடன் வாங்கணும்னு உங்களுக்குத் தோணலையே! ஊர்ல ஒவ்வொரு ஆம்பளையும் எப்படி எப்படிக் கடன் வாங்குறான்?"

பாவம், மனிதர் யோசித்துப் பார்த்தார். "டீக்கடையில பாக்கி இருக்கு. அது கணக்குல வருமா?" என்று கேட்டார்.

அந்த வாரத்தில் வார வட்டிக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. பட்டா கேட்கவில்லை, ஸ்கோர் கேட்கவில்லை. "எவ்வளவு வேணும்க்கா?" என்று மட்டும் கேட்டார். அத்தனை வாசலிலும் நின்று களைத்தவளுக்கு அந்த ஒரு கேள்வி தேனாக இருந்தது. கையை நீட்டியிருப்பேன். ரஹ்மத் அக்கா துணியை அலசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"பிலோமி, எங்க அண்ணன் இப்படித்தான் வாங்குனாரு. கடையைக் காப்பாத்த வாங்குனாரு. கடைசில கடையை வித்து வட்டியத்தான் கட்டுனாரு. வேணாம்த்தா."

வேண்டாம் என்றேன். வட்டிக்காரர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கோயிலுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் புனித அந்தோணியாரிடம் உப்பும் மிளகும் வைத்து வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன். சும்மா "கடன் கிடைக்கணும்" என்று வேண்டவில்லை. எத்தனை கிலோ துணி பிடிக்கிற மெஷின், எந்த மாடல், எந்த ஊரில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லி வேண்டினேன்.

"ஆண்டவருக்கு மாடல் நம்பரெல்லாம் என்னத்துக்கு?" என்றார் சூசை.

"சொல்லாம விட்டா டாப் லோடு அனுப்பிட்டாருன்னா?"

ரஹ்மத் அக்கா, "நானும் துஆ செய்யிறேன். ரெண்டு பக்கமும் மனுவைப் போட்டு வைப்போம்" என்றார். நோன்பு மாதம் அது. பட்டினியோடு நின்று துவைத்துக்கொண்டே அந்த அக்கா எனக்காக வேண்டியதை நான் என்றைக்கும் மறக்க முடியாது.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்தது. மூன்றாவது வங்கிக்குப் போனேன். அங்கே மேலாளர் ஒரு பெண். என்னை உட்காரச் சொன்னார். அதுவரை எந்த வங்கியிலும் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. சிறு தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்க அரசு உத்தரவாதத்தோடு ஒரு திட்டம் இருக்கிறது என்றார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அடுத்த வாக்கியத்தில் அது இறங்கியது.

"ஆனா தொழில் நடக்குதுன்னு ஆதாரம் வேணும். உங்க அக்கவுண்ட்ல வரவே ரொம்பக் கம்மியா இருக்கே?"

"கல்யாண வீட்டுல எல்லாம் கையிலதாம்மா குடுப்பாக. வாங்கிச் சம்பளம், சோப்பு, கரண்டு பில்லுன்னு போயிரும்." ஆதாரம் என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சலவைச் சோடாவில் தோல் உரிந்த என் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தேன்.

அவர் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். "இதை ஸ்கேன் பண்ணி மேல அனுப்ப முடியாதும்மா" என்றார். ஆனால் சிரிக்காமல் சொன்னார். பிறகு, உமையாள் ஆச்சியிடம் வேலை தருவதாக எழுதி வாங்கி வரச் சொன்னார். இ-சேவை மையத்தில் சிறுதொழில் பதிவு செய்யச் சொன்னார். அதோடு, "எங்க ஃபீல்ட் ஆபீசர் தினகரன் நேர்ல வந்து பாப்பார். அவர் எழுதுற ரிப்போர்ட்தான் முக்கியம். கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. மாட்டுக் கடனுக்குப் பாக்கப் போன இடத்துல பக்கத்து வீட்டு மாட்டை எல்லாம் கட்டி வச்சுக் காட்டிட்டாங்க. அதுலேருந்து எதைப் பாத்தாலும் நம்ப மாட்டார்" என்றார்.

ஆச்சி உடனே எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "எங்க அப்பச்சி ஆளோட மொகத்தைப் பாத்துக் கடன் குடுத்தாக. இப்ப மொகத்தைத் தவிர எல்லாத்தையும் பாக்குறாக" என்றார்.

ஆபீசர் வருகிற நாளும் வந்தது. சித்திரை மாதம். அன்று காலையில்தான் கண்டனூர்க் கல்யாண வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துக் காயப்போட்டிருந்தோம். கொடியில் இடம் போதாமல் வேலியிலும், வைக்கோல் பரப்பிய தரையிலும் விரித்திருந்தோம். வெட்டவெளி முழுவதும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மறுநாள் அத்தனையும் மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் முழங்காலிட்டு ஆண்டவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் மழை வேண்டாம்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. இதைக் கேட்டிருக்கவே தேவையில்லை என்றுகூட நினைத்தேன்.

தினகரன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சுற்றிப் பார்த்தார். ஒரு விரிப்பைத் தூக்கி, அதன் மூலையில் தைத்திருந்த எழுத்தைப் படித்தார்.

"இதெல்லாம் உங்க துணியா?"

"இல்லீங்க சார். கல்யாண வீட்டுத் துணி."

"அப்ப உங்களுது இல்லை."

"எங்க துணி இவ்வளவு இருந்தா நான் ஏன் சார் கடன் கேட்டு வர்றேன்?"

"யாரோட துணியையோ ஒருநாளைக்கு வாங்கியாந்து காயப்போட்டுக் காட்டலைன்னு நான் எப்படி நம்புறது?"

சலவைக்கூடத்தில் கிடக்கிற துணி அடுத்தவருடையது என்பதுதானே தொழிலே! இதை எப்படி விளக்குவது? ரஹ்மத் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சூசை, "டீ சாப்பிடுறீகளா சார்?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான்.

அப்போது காற்று திரும்பியது. ஒக்கூர்ப் பக்கத்திலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் வானம் கறுத்துவிட்டது. கோடை மழைக்கு அறிவிப்பெல்லாம் கிடையாது. முதல் துளி தினகரனின் ஹெல்மெட்டில் டொக்கென்று விழுந்தது.

"துணீ!" என்று கத்தினேன்.

எல்லோரும் ஓடினோம். ஆளுக்கு ஒரு கொடியாக உருவினோம். தினகரன் கொட்டகை ஓரத்தில் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ரஹ்மத் அக்காவுக்கு வங்கி, ஆபீசர், ரிப்போர்ட் எதுவும் அப்போது தெரியவில்லை.

"ஏய் தம்பி! என்ன சிலையாட்டம் நிக்கிறீக? ஃபைலைத் தூக்கி உள்ள எறிஞ்சிட்டு இங்குட்டு வாங்க! இந்த முனையைப் பிடிங்க!"

அவர் பிடித்தார், சகோதரர்களே! ஃபைலைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வந்தார். மழை ஊற்றுகிறது. ஹெல்மெட்டோடு ஓடுகிறார், தோளில் விரிப்பைப் போட்டுக்கொண்டு வருகிறார், கொட்டகையில் தள்ளிவிட்டு மறுபடி ஓடுகிறார். ஒரு பெரிய விரிப்பைக் காற்று தூக்கி அவர் தலையோடு மூடிவிட்டது. வெள்ளைத் துணி போர்த்திய ஒரு உருவம் ஹெல்மெட் வைத்த தலையோடு எங்கள் வேலியை நோக்கி நடந்து போவதைப் பார்த்து, அந்த நேரத்திலும் சூசை சிரித்துவிட்டார். பிறகு ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

கொட்டகையில் இடமில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து குவித்தோம். கட்டிலில் துணி, பிரிட்ஜ் மேல் துணி, தையல் மெஷின் மேல் துணி. உட்கார இடமில்லாமல் தினகரன் துணிக் குவியலிலேயே உட்கார்ந்தார். துணியில் பாதிக்கு மேல் நனைந்து, சேறும் பட்டிருந்தது.

எனக்கு ஆண்டவர் மேல் அப்படி ஒரு கோபம். ஒன்றே ஒன்றுதானே கேட்டேன்? சித்திரை வெயிலில் அதைக்கூடச் செய்ய முடியாதா? மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே தினகரனுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"இதை எல்லாம் மறுபடி துவைக்கணுமா?" என்று கேட்டார் அவர்.

"ஆமா சார்."

"எப்ப குடுக்கணும்?"

"நாளைக்கு."

"மழை விடலைன்னா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரஹ்மத் அக்காதான் சொன்னார்: "எங்க எல்லார் வீட்டுலயும் ஆளுக்குக் கொஞ்சம் ஃபேனுக்கு அடியில போட்டுக் காய வைப்போம் தம்பி. அன்னைக்குப் பிள்ளைக தூங்க எடம் இருக்காது."

சூசை தன் சட்டையை ஆபீசருக்குக் கொடுத்தார். தினகரனின் ஈரச் சட்டையை ரஹ்மத் அக்கா இஸ்திரிப் பெட்டி போட்டுக் காய வைத்தார். ஆவி பறக்கத் தேய்த்தும் காலர் காயவில்லை, பை காயவில்லை. தினகரன் சூசையின் தொளதொள சட்டையில் டீயைக் குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் ஒரு சட்டைக்கே இவ்வளவு நேரம் ஆகுதே" என்றார். பிறகு ஃபைலைத் தேடி எடுத்துத் துடைத்துப் பிரித்தார். "ஏம்மா, துவைக்கிற மெஷின் மட்டும்தான் கேட்டிருக்கீங்க. டிரையர் கேக்கலையே?"

"நெறையக் கேட்டா அதையும் தர மாட்டாகன்னுதான் சார்..."

"துவைக்கிறதுக்கு உங்களுக்குக் கை இருக்கு. காய வைக்க என்ன இருக்கு? வெயில் மட்டும்தான். டிரையர் இல்லாம இந்த மெஷினை வாங்கினா சீக்கிரமாத் துவைச்சிட்டு வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. கடனும் கட்ட முடியாது. ரெண்டுக்கும் சேத்துப் புதுசா விலைப்பட்டியல் வாங்கிட்டு வாங்க. நான் எழுதுறேன்."

வாசலில் பைக்கில் ஏறும்போது, "தொழில் நடக்குதுங்கிறதுக்கு இனி எனக்கு வேற ஆதாரம் வேண்டாம். இடுப்பு வலிக்குது" என்றார்.

நான் அப்படியே திகைத்து நின்றேன். வெயில் அடித்திருந்தால் அவர் சந்தேகத்தோடு வந்து சந்தேகத்தோடு போயிருப்பார். நான் வேண்டாம் என்று கெஞ்சிய மழையைத்தான் ஆண்டவர் என் பக்கச் சாட்சியாக அனுப்பியிருக்கிறார். உள்ளே போய் முழங்காலிட இடம் தேடினேன். எல்லா இடத்திலும் துணி. துணி மேலேயே முழங்காலிட்டு, சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பிறகும் வங்கி சும்மா இருந்துவிடவில்லை. இது குறைகிறது, அது குறைகிறது என்று பலமுறை அலைந்தோம். அந்த நாட்களில் என் போனுக்குத் தினமும் யாராவது கூப்பிட்டு, "உங்களுக்கு லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்பார்கள். எல்லாம் ஏமாற்று. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது அப்படித்தான் ஒரு பெண் குரல்: "பிலோமினாவா? உங்க லோன் சேங்ஷன் ஆயிருச்சு."

"உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? உழைச்சுச் சாப்பிடுங்க!" என்று வைத்துவிட்டேன்.

மறுபடி மணி அடித்தது. "உழைச்சுத்தாம்மா சாப்பிடுறேன். நான் பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்றார்.

போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்து அழுதேன். சூசை ஓடி வந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "பேங்க்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கும் புரிந்துவிட்டது. மாவு ஒட்டிய என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வைகாசி பிறப்பதற்கு முன் இரண்டு மெஷின்களும் வந்து இறங்கின. பங்குத்தந்தை வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஆச்சியின் ஓட்டல் எங்களிடமே இருக்கிறது. நாட்டரசன்கோட்டையிலிருந்தும் புதிதாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறோம். சூசை சவுதிப் பேச்சை எடுப்பதே இல்லை. மாதத் தவணையை இதுவரை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. எனக்கும் ஸ்கோர் வந்துவிட்டது. அதைப் போனில் பார்த்த அன்று, பிள்ளை பத்தாம் வகுப்பு பாஸானது போல ரஹ்மத் அக்கா வீட்டுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

முன்பெல்லாம் ஆண்டவரிடம் அளந்து அளந்து கேட்பேன். என்ன வேண்டும், எப்படி வேண்டும், எது கூடாது என்று நானே எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டு போவேன். இப்போதும் விவரமாகத்தான் கேட்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் கடைசியில், "உம் விருப்பப்படியே" என்று சொல்வதை மனசோடு சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். மாவு அரைத்து விற்கிறவர்கள், கோழி வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். வங்கி வாசலில் நின்றுவிட்டு வெட்கத்தோடு திரும்பியவர்களும் இருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். தயவுசெய்து பைக்கில் வருகிறவரிடம் கையை நீட்டாதீர்கள். ஆண்டவரை நம்புங்கள். நம்பிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடவும் செய்யாதீர்கள். வருகிற திங்கட்கிழமை, வங்கி திறக்கிற நேரத்துக்கு, நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வர விருப்பமுள்ளவர்கள் ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். போகும் வழியில் செபமாலை சொல்லிக்கொண்டே போவோம். உள்ளே போனதும் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.